ஆமையின் பங்கு

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையை ஒட்டிச் செல்லும் சுற்றுலாக் கப்பல்கள் இரு வகையானவை. ஆயிரக்கணக்கானோரைச் சுமக்கும் பெருங்கப்பல்கள், ஆழம் அளந்து குறிக்கப்பட்ட கடற்பாதையை விட்டு விலகுவதில்லை. அவற்றின் மேல்தளத்தில் நிற்பவருக்குப் பவளத்திட்டு என்பது தொடுவானத்தில் தெரியும் ஒரு வெள்ளை நுரைக்கோடு. ஐம்பது அறுபது பேரை மட்டும் ஏற்றிக்கொள்ளும் சிறு கப்பல்கள் வேறு. அவை குறைந்த ஆழத்திலும் மிதக்கும். திட்டுக்கும் திட்டுக்கும் இடையே நுழைந்து, மணல்மேடுகளின் அருகே நங்கூரமிட்டு, பயணிகளைப் படகில் இறக்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் கெய்ன்ஸ் துறைமுகத்திலிருந்து அப்படியொரு கப்பலில் ஏழு நாட்கள் சென்றுவந்தேன். இது பயணக்கட்டுரை அல்ல. அப்பயணம் கிளப்பிவிட்ட ஒரு கேள்வியின் பின்னால் போய், ஊர் திரும்பியபின் வாசித்தவற்றைத் தொகுத்துக்கொள்ளும் முயற்சி மட்டுமே.

கப்பலில் ஒவ்வொரு நாளும் ஒரு தாளில் நிகழ்ச்சிநிரல் தருவார்கள். காலையில் பவளத்திட்டு, மாலையில் பூர்வகுடிப் பண்பாடு என்று அதில் இருக்கும். முதல் இரண்டு நாட்கள் அந்தப் பிரிவினையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பவளம் இயற்கையின் வரலாறு, எண்ணிப்பார்க்க முடியாத பழமை கொண்டது. அதன் கரையோரத்தில் பிற்காலத்தில் வந்து தங்கியவர்கள் மனிதர்கள். இப்படித்தான் பள்ளியில் படித்த யாரும் நினைப்பார்கள். ஆனால் உண்மையான வரிசை அதுவல்ல. இன்று நாம் காணும் பெருந்தடைப் பவளத்திட்டு வளரத் தொடங்கி ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஆஸ்திரேலியாவில் மனிதர்கள் குறைந்தது ஐம்பதாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறார்கள். பவளம் அவர்கள் கண்முன்னே வந்தது.

இதைச் சற்று விளக்கவேண்டும். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகின் நீரில் பெரும்பகுதி துருவப் பனிப்படலங்களாக உறைந்திருந்தது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது குவீன்ஸ்லாந்தின் கரை இன்றைய கரையிலிருந்து பல பத்துக் கிலோமீட்டர் கிழக்கே இருந்தது. இன்று பயணிகள் கண்ணாடி அணிந்து மிதந்து மீன்களைப் பார்க்கும் இடமெல்லாம் அன்று மேடும் பள்ளமுமான நிலம். ஆறுகள் அதை ஊடறுத்து ஓடின. பழைய பனியூழிகளுக்கு இடையே வளர்ந்து மடிந்த பவளங்களின் எச்சங்கள் சுண்ணாம்புக் குன்றுகளாக அந்த நிலத்தில் நின்றன. பிறகு பனி உருகத் தொடங்கியது. கடல் ஏறியது. தாழ்ந்த நிலங்கள் மூழ்கின, குன்றுகள் தீவுகளாயின, மூழ்கிய சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் புதிய பவளங்கள் பற்றிக்கொண்டு ஒளியை நோக்கி வளர்ந்தன. ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை ஒட்டி வந்து நின்றது. 2300 கிலோமீட்டர் நீளத்தில், ஏறத்தாழ மூவாயிரம் தனித்திட்டுகளாக விரிந்திருக்கும் இந்த அதிசயம் ஒரு நாட்டின் மூழ்கலில் பிறந்தது. வீடிழந்தவர்கள் பின்வாங்கிப் பின்வாங்கி இன்றைய கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் அதை நினைவில் வைத்திருக்கிறார்களா? கெய்ன்ஸுக்குத் தென்கிழக்கே ஃபிட்ஸ்ராய் என்றொரு தீவு உள்ளது. அதன் எதிர்க்கரையில் யாரபா என்னும் பூர்வகுடி ஊர். அங்குள்ள குங்காஞ்சி மக்களிடையே வழங்கும் கதை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுத்தில் பதிவாகிவிட்டது. கூன்யா என்பவன் உண்ணத் தடைசெய்யப்பட்ட மீன் ஒன்றைப் பிடித்துவிடுகிறான். கடல் சினந்து எழுகிறது. அவனும் குடும்பமும் மலைமேல் ஓடுகிறார்கள். அங்கே தீ மூட்டி, பெரிய கற்களைப் பழுக்கக் காய்ச்சி, சரிவில் உருட்டிவிட்டுக் கடலைத் தடுத்து நிறுத்துகிறார்கள். கடல் நின்றது, ஆனால் பழைய இடத்திற்குத் திரும்பவே இல்லை.

வெள்ளக்கதை எந்த நாட்டில்தான் இல்லை என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கடல்கோள் என்ற சொல்லோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இத்தகைய கதைகளின்மேல் ஒரு பலவீனம் உண்டு. அதனாலேயே கூடுதல் எச்சரிக்கையும் தேவை. ஆனால் மொழியியலாளர் ராபர்ட் டிக்சன் இப்பகுதியின் யிடினி மொழியை ஆராய்ந்தபோது கண்டெடுத்தவை பொதுவான வெள்ளக்கதையின் வகையைச் சேர்ந்தவை அல்ல. ஃபிட்ஸ்ராய் தீவின் பெயர் முன்கையைக் குறிக்கும் சொல்; அது ஒரு காலத்தில் நிலத்திலிருந்து கடலுக்குள் நீண்டிருந்த முனையின் ஒரு பகுதி என்பது வழக்கு. அத்தீவுக்கும் கரைக்கும் இடையே, இன்று முழுக்க நீருக்கடியில் இருக்கும் ஓரிடத்திற்கு, அங்கே வளர்ந்திருந்த ஒரு வகை மரத்தின் பெயர் வழங்குகிறது. யிடினி மொழியில் தீவைக் குறிக்கும் சொல்லும் சிறுகுன்றைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே. கடவுள் கோபித்தார், வெள்ளம் வந்தது என்று எவரும் கற்பனை செய்யலாம். கடலுக்கடியில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மரத்தின் பெயரைக் கற்பனையில் சூட்டிக் காப்பாற்றி வருவது அத்தனை எளிதல்ல.

புவியியலாளர் பாட்ரிக் நன், மொழியியலாளர் நிக்கலஸ் ரீட் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்திரேலியக் கரையெங்கும் 21 இடங்களில் கடலேற்றம் பற்றிய இத்தகைய மரபுகளைத் தொகுத்தார்கள். அவை அனைத்தும் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ நிகழ்ந்தவற்றைச் சொல்வதாகவே இருக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். அதன்பின் கடல் அந்த அளவுக்கு ஏறவில்லை. எழுத்தின் துணையின்றி முந்நூறு தலைமுறைகள் ஒரு செய்தியைக் கடத்த முடியுமா என்ற ஐயத்திற்கு அவர்கள் தரும் பதில் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது. இங்கே கதை சொல்வது பொழுதுபோக்கல்ல, பொறுப்பு. ஒருவர் கதையைச் சரியாகச் சொல்கிறாரா என்று பார்க்கும் கடமை குறிப்பிட்ட உறவினர்களுக்கு உண்டு. மூன்று தலைமுறைகள் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே செல்லும் ஏற்பாடு அது. வேதம் ஓதுபவர்கள் உச்சரிப்பைக் காத்த முறையை அறிந்தவர்களுக்கு இது அவ்வளவு புதிதல்ல.

ஃபிட்ஸ்ராயிலிருந்து வடக்கே திரும்பினால் லோ தீவுகள் வருகின்றன. 1928 ஜூலையில் மாரிஸ் யாங் தலைமையில் பிரிட்டிஷ் அறிவியலாளர் குழு ஒன்று இங்கே வந்து ஓராண்டு தங்கியது. பவளத்திட்டு அறிவியலின் தொடக்கங்களில் ஒன்று அது. பவள உயிரிக்கும் அதனுள் வாழும் நுண்பாசிக்கும் இடையிலான உறவை யாங் ஆராய்ந்தது இங்கேதான். சமையலுக்கும் படகு வேலைக்கும் அக்குழு அமர்த்திக்கொண்டவர்கள் யாரபா மிஷனிலிருந்து வந்த பூர்வகுடிக் குடும்பத்தினர். கூன்யாவின் கதை வழங்கும் அதே ஊர். பவளம் எப்படித் தோன்றியது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்களின் சமையற்கட்டில், அதற்கான ஒரு விடையை மரபாகக் கொண்ட ஊரார் நின்றிருந்தார்கள்.

*

லோ தீவுகளைத் தாண்டி இரவில் கப்பல் செல்லும்போது, மாலுமி ஒருவர் கிழக்கே இருளைக் காட்டி, அங்கேதான் குக் மோதினார் என்றார். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கரையின் எழுதப்பட்ட வரலாறு அந்த இருளில்தான் தொடங்குகிறது.

ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் ஒரு சிறு கப்பல். நிலக்கரி ஏற்றுவதற்காக இங்கிலாந்தின் விட்பி ஊரில் கட்டப்பட்டது, நீளம் முப்பது மீட்டர் அளவே, அடிப்பகுதி தட்டையானது. அந்தத் தட்டை அடிதான் அவர்களைக் காப்பாற்றியது என்று சொல்லவேண்டும். 1770 ஜூன் 11, நிலா காயும் இரவு, பதினோரு மணியளவில், ஓதம் உச்சத்தில் இருந்தபோது கப்பல் பவளத்திட்டின்மேல் ஏறி நின்றுவிட்டது. ஓதம் உச்சத்தில் மோதுவதைவிட மோசமான ஒன்று மாலுமிக்கு இல்லை. அடுத்து நீர் வற்றத்தான் செய்யும். ஆறு பீரங்கிகள், இரும்பும் கல்லுமாகிய அடிப்பாரம், பீப்பாய்கள் என்று நாற்பது ஐம்பது டன் எடையைக் கடலில் எறிந்தார்கள். ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் சிக்கிக் கிடந்த கப்பல் அடுத்த இரவின் ஓதத்தில் மிதந்தது. சணல்நாரும் கம்பளியும் தைத்த பாயொன்றை அடியில் இழுத்துக் கட்டி ஓட்டையை அடைத்தார்கள். பின்னர் கரையில் சாய்த்துப் பார்த்தபோது, ஓட்டையின் பெரும்பகுதியை ஒரு பவளத்துண்டே அடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. உடைத்த பாறையே அடைப்பாகவும் அமைந்த விந்தை. எறியப்பட்ட பீரங்கிகளை 1969இல் ஓர் அமெரிக்கக் குழு கடலடியிலிருந்து எடுத்தது. அவற்றில் ஒன்று இன்று குக்டவுன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழுதுபார்க்க இடம் தேடிக் கப்பல் நுழைந்த ஆற்றுக்குக் குக் தன் கப்பலின் பெயரையே வைத்தார். அங்கே வாழ்ந்தவர்கள் கூகு யிமிதிர் மொழி பேசும் மக்கள். ஏழு வாரங்கள் கப்பல் அங்கே கிடந்தது. குக்கின் முதல் பயணத்தில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளோடு நெருங்கிப் பழக நேர்ந்தது இந்த ஓரிடத்தில்தான். முதல் மூன்று வாரம் அவர்கள் தள்ளியே இருந்தார்கள். புகையும் கால்தடமும் மட்டும் தெரிந்தன. ஜூலை 10 அன்று பக்கத்தட்டு கட்டிய சிறு ஓடத்தில் சிலர் நெருங்கி வந்தார்கள். ஒரு மீனைக் கொடுத்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நாள் புதியவர் ஒருவரை அழைத்துவந்து முறையாகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். யாபரிக்கோ என்று அப்பெயர் பதிவாகியிருக்கிறது.

இனி ஆமை. கப்பலில் உணவு குறைந்திருந்தது. மாலுமிகள் திட்டுகளுக்குப் படகில் சென்று பச்சைக் கடலாமைகளைப் பிடித்துவந்தார்கள். ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கும் மேல். மேல்தளத்தில் பத்துப் பன்னிரண்டு ஆமைகள் மல்லாந்து கிடந்தன. ஜூலை 19 அன்று பத்துப்பேர் கப்பலுக்கு வந்தார்கள். ஆமைகளைப் பார்த்தார்கள். ஒன்றைத் தரும்படி சைகையில் கேட்டார்கள். மறுக்கப்பட்டது. மறுபடி கேட்டார்கள். ரொட்டி கொடுத்தபோது அதை அவமதிப்பாகத் தூக்கி எறிந்தார்கள். இரண்டு ஆமைகளைத் தாங்களே இழுத்துச் செல்ல முயன்றார்கள், மாலுமிகள் பிடுங்கிக்கொண்டார்கள். வந்தவர்கள் கரைக்குத் திரும்பி, கொதித்துக்கொண்டிருந்த கீலின் அடியிலிருந்து ஒரு தீக்கொள்ளியை எடுத்து, காற்று வீசும் பக்கமாகப் புல்லில் தீ வைத்தார்கள். ஆளுயரப் புல். இயற்கையாளர் ஜோசஃப் பாங்க்ஸின் கூடாரம் தப்பியது அதிர்ஷ்டம். ஒரு பன்றிக்குட்டி வெந்து செத்தது. அடுத்து வலைகளும் துணிகளும் காய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய் அங்கும் தீ வைத்தார்கள். குக் சிறுகுண்டு போட்ட துப்பாக்கியால் சுட்டார். ஒருவருக்குக் காயம்பட்டது. அவர் ஓடிய வழியில் விரித்திருந்த துணியில் சில துளி இரத்தம் இருந்தது என்று குக் எழுதுகிறார்.

இதே ஆற்றங்கரையில், தன் நாட்குறிப்பில், பங்கிடக்கூடிய எந்த உணவு கிடைத்தாலும் அதைக் கப்பலில் உள்ள அனைவருக்கும், தலைவன் முதல் கடைசி ஆள் வரை, சமமாகவே பங்கிட்டேன் என்றும் குக் பதிவுசெய்கிறார். அக்காலக் கடற்படையில் அது உண்மையிலேயே உயர்ந்த பண்பு. நான் குக்கை வில்லனாக்க விரும்பவில்லை. அவர் அந்த வகை மனிதரும் அல்ல. ஆனால் பங்கின் எல்லை கப்பலின் விளிம்போடு முடிந்துவிட்டது. அந்தத் திட்டுகளுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள், அங்கே எத்தனை பிடிக்கலாம், பிடித்தவன் யாருக்கெல்லாம் பங்கு தரவேண்டும் என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. வந்தவர்களோ ஒரே ஓர் ஆமையைத்தான் கேட்டார்கள். பன்னிரண்டில் ஒன்று.

இன்னொன்றும் அவருக்குத் தெரியாது. கப்பல் சாய்ந்து கிடந்த வேம்பூர் என்னும் அந்த ஆற்றங்கரை, சுற்றியுள்ள குலங்கள் அனைத்துக்கும் பொதுவான இடம் என்பது அம்மக்களின் மரபு. அங்கே எவர் இரத்தத்தையும் வேண்டுமென்று சிந்தக்கூடாது. குழந்தைகள் பிறக்கும் இடமாகவும் பகை பேசித் தீர்க்கும் இடமாகவும் அது இருந்தது. அந்நியர்களை ஏழு வாரம் அங்கே விட்டுவைத்ததற்கும் அதுவே காரணம் என்று இன்றைய மூத்தோர் சொல்கிறார்கள். அப்படியானால் துணியில் விழுந்த சில துளிகளின் எடை வேறு. சுட்டபிறகு நடந்ததையும் அந்த மரபை வைத்தே புரிந்துகொள்ள முடிகிறது. குக்கும் பாங்க்ஸும் சில ஆட்களோடு அவர்களைப் பின்தொடர்ந்து சென்று பாறைகளருகே உட்கார்ந்தார்கள். எதிரே ஈட்டிகளுடன் கூட்டம். அதிலிருந்து ஒரு முதியவர் முன்னால் வந்தார். கையில் முனை இல்லாத ஈட்டி. நின்று நின்று ஏதோ பேசிக்கொண்டே வந்தார். மற்றவர்கள் தங்கள் ஈட்டிகளை ஒரு மரத்தில் சாத்திவிட்டு அருகே வந்தார்கள். குக் தான் பிடுங்கிவைத்திருந்த ஈட்டிகளைத் திருப்பிக் கொடுத்தார். முனையற்ற ஈட்டியின் பொருள் குக்கிற்கு ஊகமாகத்தான் தெரிந்தது, ஆனால் ஊகம் சரியாக இருந்தது. ஆமையைப் பங்கிட்டதாக மட்டும் அவர் குறிப்பில் இல்லை.

*

அந்த ஏழு வாரம் உலக மொழிகளுக்கு ஒரு சொல்லைத் தந்தது: கங்காரு. பாங்க்ஸ் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கழித்து அதே ஆற்றுக்கு வந்த ஃபிலிப் பார்க்கர் கிங் அந்த விலங்கைக் காட்டிக் கேட்டபோது வேறொரு சொல் கிடைத்தது. அங்கிருந்து பிறந்ததுதான், கங்காரு என்றால் 'எனக்குத் தெரியாது' என்று பொருள் என்னும் நகைச்சுவை. நம்மூர் வினாடிவினாப் புத்தகங்களிலும் அது இருக்கிறது. நானும் பள்ளியில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். 1970களின் தொடக்கத்தில் மொழியியலாளர் ஜான் ஹாவிலண்ட் அம்மக்களோடு தங்கி மொழி கற்றபோது குட்டு உடைந்தது. கங்குர்ரு என்பது அம்மொழியில் ஒரு குறிப்பிட்ட பெரிய கங்காரு இனத்தின் பெயர். கிங்குக்குச் சொல்லப்பட்டது மின்ஹா, உண்ணத்தக்க விலங்கு என்ற பொதுச்சொல். இரண்டு பதில்களுமே சரி. ஒரு மக்களின் துல்லியம் நூற்றைம்பது ஆண்டுகள் அவர்களின் அறியாமையாகக் கொண்டாடப்பட்டது என்பதை நினைக்கையில் அந்தப் பழைய கைதட்டு சங்கடமாகிவிடுகிறது.

துல்லியம் என்றேன். கூகு யிமிதிர் பேசுபவர் இடம் சொல்வதற்கு இடது, வலது, முன், பின் என்ற சொற்களை நாடுவதில்லை. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குதான். அடுப்பின்மேல் இருக்கும் பாத்திரத்தைக்கூட வடக்கே தள்ளு என்பார்கள். மொழியும் சிந்தனையும் பற்றிய உலகளாவிய விவாதத்தில் இம்மொழி இன்று தவிர்க்க முடியாத ஒரு சான்று.

இந்த மொழி பிழைத்ததே பெரிய விஷயம். 1873இல் பால்மர் ஆற்றில் தங்கம் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே எண்டெவர் ஆற்றின் முகத்துவாரத்தில் குக்டவுன் முளைத்தது. ஐரோப்பியரும் அவர்களைவிட அதிகமாகச் சீனரும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கினார்கள். நீர்நிலைகள் பறிபோயின. எதிர்த்தவர்களைப் பூர்வகுடிக் காவல்படை என்ற பெயரில் வெள்ளை அதிகாரிகளின் கீழ் இயங்கிய குதிரைப்படை வேட்டையாடியது. எஞ்சியவர்களுக்கு 1886இல் லூத்தரன் சபையினர் பெட்ஃபோர்ட் முனையில் ஒரு மிஷன் அமைத்தார்கள். அதை நடத்திய ஜெர்மன் போதகர் ஷ்வார்ஸ் கூகு யிமிதிர் மொழியைக் கற்று அதிலேயே வழிபாடு நடத்தினார். மொழி அதனால் ஒரு தலைமுறை தாண்டியது. 1942 மே மாதம், அதே ஜெர்மன் தொடர்பைக் காரணம் காட்டி, இராணுவம் போதகரைச் சிறைவைத்து, ஊர் முழுவதையும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்நாட்டில் வூரபிண்டா என்ற இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. கடலோரத்து வெப்பத்தில் பிறந்தவர்கள் குளிரிலும் நோயிலும் மடிந்தார்கள். திரும்பிவர 1949 ஆயிற்று. இன்றைய ஹோப்வேல் ஊர் அப்படித் திரும்பியவர்கள் கட்டியது. குக்டவுனில் இறங்கும் சிறு கப்பல் பயணிகளுக்குக் குக்கின் நங்கூரத்தைக் காட்டுகிறார்கள். 1942ஐப் பற்றி எங்கள் வழிகாட்டி இரண்டே வாக்கியம் சொன்னார். அதற்குமேல் கேட்க எனக்கும் துணியவில்லை.

*

குக்டவுனுக்கு வடக்கே, கரையிலிருந்து முப்பது கிலோமீட்டரளவில் பல்லித்தீவு எனப்படும் லிசர்ட் தீவு. டிங்கால் மக்களுக்கு அது ஜீகுரு. அவர்கள் மரபில் இந்தத் தீவுக்கூட்டம் ஒரு திருக்கை மீன். பெரிய தீவு அதன் உடல், சிறு தீவுகள் வால். மேலிருந்து பார்த்தால் அது அப்படியே இருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். மேலிருந்து பார்க்க அவர்களிடம் விமானம் இல்லை. 1770 ஆகஸ்ட் 12 அன்று குக் இதன் 359 மீட்டர் உயர உச்சிக்கு ஏறினார், பவளச்சிக்கலிலிருந்து வெளியேற வழி தேடி. வழி தெரிந்தது. கூடவே கரையில் குடிசைகளும் சிப்பிக் குவியல்களும் தென்பட்டன. இவ்வளவு தூரம் அந்தச் சிறு ஓடங்களில் எப்படி வந்தார்கள் என்று அவரும் பாங்க்ஸும் வியந்தார்கள்.

நூற்றுப்பதினோரு ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு வீடு இருந்தது. ராபர்ட் வாட்சன் கடல் அட்டை பிடித்து அவித்துக் காயவைக்கும் தொழில் செய்தவர், சரக்கு சீனாவுக்கு. 1881 செப்டம்பரில் அவர் தொழில்நிமித்தம் வெளியே சென்றிருந்தார். இருபத்தொரு வயது மனைவி மேரி, கைக்குழந்தை, சீனப் பணியாளர்களான ஆ லியோங், ஆ சாம் ஆகியோர் தீவில் இருந்தார்கள். நிலக்கரையிலிருந்து பூர்வகுடிகள் வந்தார்கள். ஆ லியோங் கொல்லப்பட்டார். ஆ சாம் ஈட்டிக்காயம் பட்டார். மேரி துப்பாக்கியால் சுட்டு விரட்டினார். பிறகு, கடல் அட்டை அவிக்கும் இரும்புத்தொட்டியை வெட்டிப் படகாக்கி, அதில் மூவரும் ஏறிக் கடலில் மிதந்தார்கள். நாள்கணக்கில் அலைந்து, நீரற்ற ஒரு தீவில் ஒதுங்கித் தாகத்தால் இறந்தார்கள். கடைசி நாட்கள் வரை மேரி குறிப்பெழுதியிருந்தார். சில மாதம் கழித்து உடல்களோடு அதுவும் கிடைத்தது. அந்தத் தொட்டி இன்றும் குவீன்ஸ்லாந்து அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

குக்டவுன் முதன்மைத் தெருவில் 1886இல் எழுப்பிய நினைவு நீரூற்று மேரிக்கானது. அவர் அனுபவித்த துயரை நினைத்து அதன்முன் நின்றபோது மனம் கனத்தது, பொய்யில்லை. ஆனால் செய்தி வந்ததும் கரையில் பழிவாங்கல் நடந்தது. கொல்லப்பட்டவர்கள் தீவுக்குப் போனவர்கள்தானா என்று எவரும் சரிபார்த்துவிட்டுச் சுடவில்லை. அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது, நீரூற்று கிடையாது. ஜீகுரு இளைஞர்களின் சடங்குக்கு உரிய இடம், வாட்சன் குடும்பம் அறியாமல் அதன்மேல் வீடு கட்டிவிட்டது என்ற விளக்கம் பிற்காலத்தில்தான் வெள்ளையர் நூல்களில் இடம்பெற்றது. அந்த வீட்டின் கற்சுவர் எச்சம் இன்னும் கடற்கரையருகே நிற்கிறது. பயணிகள் அதன்முன் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

2024இல் இத்தீவைப் பற்றி ஒரு செய்தி வந்தது. அது என்னைப் பழைய குறிப்பேடுகளைத் திரும்ப எடுக்க வைத்தது. டிங்கால், நுர்ருமுங்கு மக்களுடன் சேர்ந்து தொல்லியலாளர்கள் நடத்திய அகழாய்வில் 82 பானையோட்டுத் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஆண்டுகள். மண் உள்ளூர் மண். ஆஸ்திரேலியாவில் காலம் உறுதியாகக் கணிக்கப்பட்ட மிகப் பழைய மட்பாண்டம் இதுவே. பூர்வகுடிகள் பானை செய்ததில்லை என்பது அதுவரை பாடநூல் வாக்கியம். அதே குழியின் அடியடுக்குகள் ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தீவுக்கு மனிதர் வந்துபோனதைக் காட்டுகின்றன. பவளக்கடலின் மறுகரையான நியூகினி மக்களோடு கடல்வழித் தொடர்பு இருந்திருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குக்கும் பாங்க்ஸும் வியந்து நின்ற சிப்பிக் குவியல்களுக்கு இது தாமதமான ஒரு விளக்கம்.

*

ஆமைக்குத் திரும்புகிறேன். 1992இல் மாபோ வழக்குத் தீர்ப்பு, இந்நிலம் உரியவரின்றிக் கிடந்தது என்ற சட்டக் கற்பனையை முடித்துவைத்தது. வழக்குத் தொடுத்தவர்கள் இதே பவளத்திட்டின் வடகோடியில் உள்ள மரே தீவினர். அடுத்த ஆண்டுச் சட்டம் பூர்வகுடிகள் தம் தேவைக்காக ஆமையும் ஆவுளியாவும் பிடிக்கும் உரிமையை ஏற்றது. 1997இல் ஹோப்வேல் மக்களின் நில உரிமையை நீதிமன்றம் அங்கீகரித்தது. 2021இல் டெய்ன்ட்ரீ மழைக்காடும், குக் பெயரிட்ட ஹோப் தீவுகளும் கிழக்குக் கூகு யலஞ்சி மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டன.

ஆனால் கேட்டது கிடைக்கும்போது அந்தப் பொருளே மாறிவிட்டிருக்கிறது. 1998, 2002 ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2016க்கும் 2024க்கும் இடையே மட்டும் ஐந்து முறை. 2016இல் அதிகம் அடிபட்டது குக்டவுனுக்கு வடக்கே உள்ள பகுதி. சூடு மிஞ்சினால் பவள உயிரி தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது, அதுதான் வெளுப்பு, நீடித்தால் சாவு. ஆமையிலும் அதே சூடு வேலை செய்கிறது. மணலின் வெப்பமே முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண் என்று 2018இல் ஓர் ஆய்வு கண்டது.

இந்நிலையில் உரிமையை என்ன செய்வது? 2005இல் கெய்ன்ஸுக்குத் தெற்கே கிர்ரிங்கன் வட்டாரத்துக் குலங்கள் கடற்பூங்கா ஆணையத்துடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. தங்கள் கடலில் எத்தனை ஆமை, யார், எந்த நிகழ்ச்சிக்காகப் பிடிக்கலாம் என்பதைத் தாங்களே முடிவுசெய்து எல்லை வகுத்துக்கொண்டன. அதன்பின் வேறு பல குலங்களும் அந்த வழியில் வந்தன. இதைப் புதிய நிர்வாக முறை என்று அரசு ஆவணங்கள் அழைக்கின்றன. 1770 ஜூலை 19 அன்று கப்பலேறிய பத்துப்பேர் சைகையில் சொல்ல முயன்றதும் ஏறத்தாழ இதுவாகத்தான் இருக்கும்.

ஜீகுருவின் கடற்காயலில் கடைசி நாள் காலை, எங்கள் படகின் அருகே ஒரு பச்சை ஆமை தலையைத் தூக்கியது. பெருமூச்சு விடுவதுபோல் ஓர் ஓசை. எல்லோரும் கேமராவை எடுப்பதற்குள் அது அமிழ்ந்துவிட்டது. எந்தப் பக்கம் போயிற்று என்று ஒருவர் கேட்க, இடதுபக்கம் என்று ஒருவரும் வலதுபக்கம் என்று எதிரே உட்கார்ந்திருந்தவரும் கைகாட்டினார்கள். இருவரும் காட்டியது ஒரே திசையைத்தான். அது வடக்கு.